தில்லையில் இரண்டாம் காலம்

சிதம்பரத்துக்குக் காரில் வருகிறவர்கள் பெரும்பாலும் அவசரக்காரர்கள். வைத்தீஸ்வரன் கோயில், திருக்கடையூர் என்று கையில் ஒரு பட்டியல் இருக்கும். நடராஜரை ஒரு கும்பிடு, சிதம்பர ரகசியத்தை ஒரு பார்வை, கிளம்பிவிடுவார்கள். என்னைக் கேட்டால், காலை இரண்டாம் கால பூஜை முடியாமல் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது.

கீழைக் கோபுர வழியாக நுழைந்தோம். வாசலின் உட்சுவரில் நாட்டியக் கரணங்கள். சின்ன வயதில் பரதம் கற்ற என் மனைவியை அங்கிருந்து பெயர்த்தெடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. கனகசபைக்கு எதிரே வந்தபோது நல்ல கூட்டம். "இன்னும் சுவாமி பெட்டி வரவில்லை, உட்காருங்கள்" என்றார் உள்ளூர்ப் பாட்டி ஒருவர்.

இங்கே பூஜை செய்பவர்கள் பொதுத் தீட்சிதர்கள். மற்ற சிவன் கோயில்களைப் போல ஆகம வழி அல்ல. பதஞ்சலி வகுத்ததாகச் சொல்லப்படும் வைதிக முறை. ஸ்படிக லிங்கத்துக்கு நாள்தோறும் ஆறு காலமும் அபிஷேகம் உண்டு. பால் விழும்போது லிங்கம் வெள்ளையில் காணாமல் போகிறது. தண்ணீர் விட்டதும் மறுபடி தெளிகிறது.

அதன்பின், இந்த இரண்டாம் காலத்தில் மட்டும், ரத்தினசபாபதி. மாணிக்கத்தாலான சின்னஞ்சிறு நடராஜர். முன்னால் கற்பூரம் காட்டும்போது மங்கலான ஓர் உருவம்தான். அதே தீபத்தைப் பின்புறம் கொண்டுபோனதும் உடல் முழுவதும் உள்ளிருந்து சிவந்துவிடுகிறது. சில நொடிகள்தான். "சிவசிதம்பரம்!" என்ற குரல் மண்டபத்தை நிறைத்தது. உட்கார்ந்திருந்த பாட்டி எப்போது எழுந்தார், எப்படி எனக்கு முன்னால் போனார் என்று தெரியவில்லை!

ரகசியத்துக்குப் போட்டி அவ்வளவாக இல்லை. திரை விலகினால் உருவம் எதுவும் கிடையாது. வெறுவெளியில் தொங்கும் தங்க வில்வ மாலைகள். ஆகாயத் தலம் அல்லவா! எட்டிப் பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்கிறார்கள்.

பக்கத்திலேயே கோவிந்தராஜப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். திருச்சித்திரகூடம் என்ற பெயரில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. இரண்டு சன்னதிகளும் தெரியும்படி நிற்க ஓர் இடம் உண்டு. சைவ, வைணவச் சண்டையெல்லாம் வரலாற்றில் நடந்திருக்கலாம். நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்கள்தான் அங்கே சடாரிக்கும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தியதும் பசி தெரிந்தது. மிளகு மணக்கும் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் இவ்வூர் நடராஜருக்குப் படைக்கும் நைவேத்தியம். அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். கொத்சில் புளி சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி, மனைவி ஒப்புக்கொள்வதில்லை.