தகவல் திட்டத்தை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

எங்கள் நிவாரண அமைப்பின் தகவல் மேலாண்மைத் திட்டத்தை, அதாவது பாதிக்கப்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டிப் பயன்படுத்தும் வேலையை, மதிப்பிடும் வேலை இப்போது மும்பையில் நடக்கிறது. எத்தனை அறிக்கைகள் வந்தன, எத்தனை பேருக்குப் பயிற்சி தந்தோம் என்று எண்ணுவதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. எந்தத் தகவல் எந்த முடிவை மாற்றியது? அதைத்தான் கேட்க வேண்டும்.

2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அப்படியொரு நாளில் பாதிக்கப்பட்டவர்களின் பட்டியல், எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், வெள்ளம் வடிந்த பிறகு வந்து யாருக்கு என்ன பயன்? அரைகுறையானாலும் அன்று மாலையே கைக்கு வருவதுதான் சோறு போடும்.

தாராவியில் நெல்லைக்கார அக்கா ஒருவர், பிளாஸ்டிக் உறையிலிருந்த ரேஷன் கார்டை நீட்டியபடியே கேட்டார்: "போன வாரம் வந்தவர்களும் இதைத்தானே எழுதிக்கொண்டு போனார்கள், தம்பி?" வேலைக்குக் கிளம்பும் நேரம் அவருக்கு. ஒரே வீட்டை ஆளாளுக்குக் கணக்கெடுப்பது அநியாயம். யார், என்ன, எங்கே செய்கிறார்கள் என்று ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் தொகுக்கும் அட்டவணை இதைத் தவிர்க்கத்தான். அந்தக் கார்டு எண்ணை யார் பார்க்கிறார்கள், எப்போது அழிக்கிறோம் என்பதும் மதிப்பீட்டில் வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இவற்றை வைக்கப் போகிறேன். களத்தில் இருக்கும் நண்பர்கள் உங்கள் கேள்விகளையும் எழுதுங்கள்.