யார்க்‌ஷயர் அணிக்கு ஆள் பிடித்த கதை

கவுண்டி என்றால் நமக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். வட இங்கிலாந்தில் மலையோட்டத்துக்கும் கவுண்டி அணி உண்டு. ஃபெல் ரன்னிங் என்பார்கள். ஃபெல் என்பது இங்கே வந்து குடியேறிய வைக்கிங்குகள் விட்டுப்போன சொல். மரமில்லாத மொட்டை மலை என்று வைத்துக்கொள்ளலாம். வேறு யாரும் கை தூக்காததால், யார்க்‌ஷயர் கவுண்டியின் பெண்கள் அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வேலை ஒரு வருடம் என் தலையில் விழுந்தது. நான் ஓடினால் எப்போதும் கடைசி வரிசை. ஆனால் எக்செல் தெரியும் அல்லவா?

அந்த எக்செல்தான் முதலில் காலை வாரியது. எல்லாருடைய நேரங்களையும் போட்டு வரிசைப்படுத்திக் காட்டினேன். கிளப்பின் மூத்தவர் ஒருவர் பார்த்துச் சிரித்தார். பென்-இ-கென்ட் மலையில் (694 மீட்டர்) மூடுபனி இறங்கி, சதுப்பில் முழங்கால்வரை புதைந்த நாளையும் வறண்ட கோடை மாலையையும் எப்படி ஒப்பிடுவாய் என்றார். நேரத்தை விட்டுவிட்டு, ஒரே பந்தயத்தில் யார் யாரை முந்தினார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

அதிலும் சிக்கல். கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 மீட்டராவது ஏற்றம் இருந்தால்தான் ஏ வகைப் பந்தயம். பி வகைக்கு 25, சி வகைக்கு 20 போதும். சி வகையில் ஜெயிப்பவர் ஏ வகையில் திணறுவார். அப்புறம் இறக்கம். ஏறும்போது புலியாக இருக்கும் சிலர் இறங்கும்போது பூனையாகிவிடுவார்கள். அந்த வருடம் கவுண்டிகளுக்கிடையிலான போட்டியின் பாதை ஏறி இறங்குவது. அதனால் ஏற்றத்தில் கெட்டிக்காரரான ஒருவரை விட்டுவிட்டேன். அவர் எழுதிய மின்னஞ்சல் இரண்டு பக்கம். பாதி நியாயம்தான்.

நம் கவுண்டியில் பிறந்தவரா, குடியிருப்பவரா என்ற கேள்விகள் தனி. தடகளத்தில் யார்க்‌ஷயர் இன்னும் ஒரே கவுண்டி. ஆனால் 1974இல் எல்லைகளை மாற்றியபோது சாடில்வொர்த் பகுதி கிரேட்டர் மான்செஸ்டருக்குப் போய்விட்டது. அங்கே இன்றும் யார்க்‌ஷயர் வெள்ளை ரோஜாக் கொடி பறக்கும். அந்தப் பக்கத்து ஓட்டக்காரர் ஒருவரிடம் நீங்கள் எந்தக் கவுண்டி என்று கேட்டுத் தொலைத்தேன். அரை மணி நேரம் போனது.

நட்சத்திரங்களைப் பிடிப்பது சுலபம். அவர்கள் எப்படியும் வருவார்கள். ஆனால் அணிப் போட்டியில் முதலில் வரும் சிலரின் இடங்களைக் கூட்டுவார்கள், குறைந்த கூட்டுத்தொகை ஜெயிக்கும். முதல் ஆள் மூன்றாவதாக வராமல் இரண்டாவதாக வந்தால் ஒரு புள்ளிதான் மிச்சம். கணக்கில் வரும் கடைசி ஆள் 60ஆவதாக வராமல் 40ஆவதாக வந்தால் 20 புள்ளி! அந்த ஆளுக்காகத்தான் நான் தொலைபேசியில் அலைந்தேன். கல்யாணம், கணுக்கால் சுளுக்கு, ஆடு குட்டி போடும் பருவம் (நிஜமாகவே) என்று பதில்கள் வந்தன. கடைசியில் சம்மதித்தவர் ஒரு நர்ஸ். நைட் ஷிப்ட் முடித்து நேராக வருகிறேன் என்றார்.

வந்தார். தொடங்கும் முன் பை சோதனை: வரைபடம், காம்பஸ், விசில், தொப்பி, கையுறை, கொஞ்சம் உணவு, தையல் வழியே தண்ணீர் புகாமல் நாடா ஒட்டிய மழைக்கோட்டு. அவர் வைத்திருந்தது காற்றைத் தடுக்கும் மெல்லிய கோட்டு. மழைக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள். என்ன கொண்டுவர வேண்டும் என்ற பட்டியலை அவருக்கு மட்டும் அனுப்ப மறந்தது நான்தான். என் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் போன பத்தாவது நிமிடம் ஆலங்கட்டி மழை.

பதக்கம் கிடைக்கவில்லை. அவர் கணக்கில் வந்தார், நான் எதிர்பார்த்ததைவிட முன்னால். மறுவாரம் கவுண்டி பனியன்களை வாங்கித் துவைத்து எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. யாரிடம் இருக்கிறது என்று தெரியும். என் கோட்டைத் திருப்பித் தந்தவர் அதை மட்டும் தரவில்லை. நானும் கேட்கவில்லை, அடுத்த வருடத்துக்கும் அவர் வேண்டுமே.