படிவத்தில் இல்லாத மேய்ச்சல் நிலம்

இரண்டு ஏக்கர் நிலம் கொடுத்தால் ஒரு வேலை. அரசு நிலக்கரி நிறுவனங்களின் மறுவாழ்வுக் கொள்கையில் ஊரார் அனைவருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த வரி இது ஒன்றுதான். அதைவிடக் குறைவாக வைத்திருப்பவர்கள் பங்காளிகளோடு கணக்கைச் சேர்த்து வேலைக்கு ஒருவர் பெயரைக் கொடுப்பார்கள். சத்தீஸ்கரின் கோர்பா மாவட்டத்தில் சுரங்கத்துக்கு நிலம் இழப்பவர்களைக் கணக்கெடுக்கும் பணியில் நான் இருந்தபோது, கன்வார் பழங்குடிப் பெரியவர் ஒருவர், அந்தப் பெயர் யாருடையதாக இருக்க வேண்டும் என்று என்னிடமே கேட்டார். நானும் சொன்னேன்.

அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் ஏர் பிடிப்பவர், இளையவர் பத்தாம் வகுப்பு முடித்தவர். மேட்டு நிலம் சுரங்க எல்லைக்குள் வந்துவிட்டது. பள்ளத்தில் இருந்த நெல்வயல் எல்லைக் கோட்டுக்கு வெளியே தப்பியிருந்தது. "இளையவர் பெயரை எழுதுவோம், காகா. மூத்தவருக்குத்தான் வயல் இருக்கிறதே" என்றேன். அவர் வரைபடத்தின் மீது குனிந்து, விரலை எல்லைக் கோட்டிலேயே வைத்துக்கொண்டு, "வயல் இருக்கிறது சாகேப். மாடு எங்கே போகும்?" என்று கேட்டார். ஊர் மாடுகள் மேய்ந்த காடு முழுவதும் அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது. அதைத் தனியாகக் குறித்து அனுப்புவதாகச் சொன்னேன். அப்படியே அனுப்பவும் செய்தேன்.

இதை நினைக்கும்போதெல்லாம் முதலில் வந்து நிற்பது என் தரப்பு நியாயம்தான். 1957ஆம் ஆண்டின் நிலக்கரி நிலக் கையகச் சட்டத்தின்படி, நிலத்தை எடுக்கப்போவதாக 7ஆம் பிரிவு அறிவிக்கை வந்த 30 நாட்களுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். அதைக் கேட்டபின் அரசு 9ஆம் பிரிவில் அறிவித்துவிட்டால் நிலம் அரசுக்குச் சேர்ந்துவிடும். பொதுவான நிலக் கையகத்துக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகளும் மறுவாழ்வு விதிகளும் 2015இல் இதற்கும் நீட்டிக்கப்பட்டனவே தவிர, சமூகத் தாக்க ஆய்வும் ஒப்புதல் பெறுவதும் நீட்டிக்கப்படவில்லை. ஆகவே பெரியவர் பெயர் கொடுக்காமல் இருந்திருந்தால் நிலம் நின்றிருக்காது, வேலைதான் கைநழுவியிருக்கும். நிலத்தைக் காப்பாற்றும் வழி தெரியாதவன் வேலையையாவது வாங்கிக்கொள்ளச் சொன்னதில் என்ன பிழை என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன்.

ஆனால் அவர் கேட்டது சட்டத்தைப் பற்றி அன்று. நாங்கள் பட்டா நிலத்தை அளந்தோம், அதில் நின்ற மரங்களை எண்ணினோம், வீட்டின் சுவர் மண்ணா செங்கல்லா என்று பார்த்தோம். காட்டில் நின்ற மஹுவா (இலுப்பை) மரங்களோ, எது எந்த வீட்டுக்குரியது என்று ஊர் வழக்கப்படி பிரிக்கப்பட்டவை; பங்குனி வெயிலுக்கு முன்னே எழுந்து, அடியில் சருகை எரித்துச் சுத்தம் செய்த தரையில் உதிர்ந்திருக்கும் பூவைப் பெண்கள் பொறுக்கிச் செல்வார்கள். அதன்பின் பீடி இலைப் பருவம். அறுவடை முடிந்த வயலில் மேயும் மாடு, பயிர் நிற்கும் மாதங்களில் காட்டுக்குப் போயாக வேண்டும். காடு போனால் மாடு போகும், மாடு போனால் எருவும் ஏரும் போகும். கோட்டுக்கு வெளியே இருப்பதாலேயே ஒரு வயல் பிழைத்துவிடாது. இதை அவர் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார். எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததை எழுத என் படிவத்தில் இடம் இல்லை. இப்படிச் சொல்லிக்கொள்வது வசதியாக இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

பின்னர் வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, சுரங்கத்தில் தோண்டிய மேல்மண்ணைக் கொட்டிய குவியல் ஊரைவிட உயரமாகிவிட்டிருந்தது. பள்ளத்து வயல்தான் அவர்களுடைய நல்ல வயல். பள்ளம் என்பதால் மழையில் கரைந்து வந்த களிமண்ணும் முதலில் அங்கேதான் படிந்தது. மாடுகளை விற்றிருந்தார்கள். ஆனாலும் மூத்தவர் பயிர் வைத்திருந்தார், தம்பியின் சம்பளத்தில் வாடகை டிராக்டர் வைத்து உழுது. ஆக, நான் சொன்னது சரியாகத்தானே முடிந்தது என்று ஒரு கணம் நிம்மதி வந்தது. ஒவ்வொரு விதைப்புக்கும் தம்பியிடம் பணம் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது என்று அண்ணன் சொன்னபோது அந்த நிம்மதி போய்விட்டது. அவர் பெயரை எழுதியிருந்தால் வயல் அன்றே தரிசாகியிருக்கும் என்பதும் உண்மை. எது மேல் என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமில்லை.

அடுத்த கணக்கெடுப்பில், மேய்ச்சல் எங்கே நடக்கிறது என்று கேட்கும் ஒரு கட்டத்தைப் படிவத்தில் சேர்க்கக் கோரினேன். வீட்டுக்கு எத்தனை மாடு என்ற கட்டம் மட்டும் வந்தது. மேயும் நிலம் யாருக்கும் பட்டா இல்லாதது, அதனால் அதை இழப்பவர் என்று யாரும் இல்லை என விளக்கம் சொன்னார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாக ஏற்கிறது என்று நான் எடுத்துச் சொன்னதற்கு, அந்த ஊர்களில் அப்படி உரிமை கோரி மனு ஏதும் இல்லையே என்றார்கள். அது உண்மைதான். மனு போடலாம் என்று ஊர்க்காரர்களிடம் சொல்வது கணக்கெடுக்க வந்தவரின் வேலை அல்ல என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது.