கைத்துப்பாக்கியின் பிடி: பயிற்றுநர் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

கைத்துப்பாக்கிப் பயிற்றுநர் தேர்வுக்குப் படிப்பவர்களில் பலர் பாதுகாப்பு விதிகளுக்கும் குறிபார்த்தலுக்கும் அதிக நேரம் ஒதுக்கி, பிடியைப் பற்றிய பாடத்தைக் கடைசி நாள்களுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்தத் தேர்வை எழுதித் தேறிய அனுபவத்தில் நான் முதலில் சொல்ல விரும்புவது, பிடியை முன்கூட்டியே படித்துவிடுங்கள் என்பதுதான். நிற்கும் நிலை, விசையை (டிரிக்கரை) அழுத்தும் முறை, பின்னுதைப்பை, அதாவது சுடும்போது ஆயுதம் கையைப் பின்னோக்கித் தள்ளுவதைத் தாங்கும் விதம் ஆகிய எல்லாமே கையும் ஆயுதமும் ஒன்றையொன்று தொடும் அந்தச் சிறு பரப்பில் வந்து சேர்கின்றன. செய்முறைத் தேர்வில் ஒரு மாணவரின் குண்டுகள் ஏன் தொடர்ந்து ஒரே பக்கமாக விழுகின்றன என்று கேட்கப்படும்போது, விடையைத் தேட வேண்டிய முதல் இடமும் அதுவே.

படிக்கத் தொடங்கும்போதே இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒரு பிடி கைக்கு இதமாக இருப்பது ஒன்று. அந்தப் பிடி கையை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமர வைப்பது மற்றொன்று. மென்மையான, உருண்டையான பிடியைச் சும்மா ஏந்திப் பார்க்கும்போது எவருக்கும் பிடித்துப்போகும். ஆனால் அந்த உருண்டை வடிவமே, கை சற்று இடப்புறமாகவோ வலப்புறமாகவோ திரும்பி அமர்ந்ததை நமக்கு உணர்த்தாமல் மறைத்துவிடலாம். இதத்தை மட்டும் வைத்துப் பிடியை மதிப்பிடும் விடைத்தாள் பாதி விடைதான் எழுதியிருக்கிறது என்பது என் கருத்து.

அளவைப் பொறுத்தவரை அடிப்படை, பிடியின் பின்பக்கத்திலிருந்து விசையின் முகப்பு வரையிலான தூரம். ஆயுதத்தில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் நீட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவட்டைப் பிடியின் பின்பக்கத்தில் நடுவாகவும் இயன்றவரை உயரமாகவும் பொருத்துங்கள். குழலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்கும்போது ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதைப்பகுதி விசையின் மேல் இயல்பாகப் படிந்தால் அளவு பொருந்துகிறது. பிடி பெரிதாக இருந்தால் விரல் எட்டுவதற்காகக் கை பக்கவாட்டில் சுழலும். அப்போது பின்னுதைப்பு முன்கைக்கு நேராகச் செல்லாமல் கட்டைவிரலின் அடிமூட்டில் இறங்குகிறது. பலர் வலி என்று சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. பிடி மிகச் சிறிதானால் ஆள்காட்டி விரல் விசைக்குள் கணுவரை நுழைந்துவிடும், மற்ற விரல்களின் நுனிகள் உள்ளங்கையையே குத்தும், பிடிக்கும் அழுத்தமும் ஆயுதத்தின் மேல் முழுமையாகச் செல்லாது.

இந்தத் தூரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எம்1911 கைத்துப்பாக்கியின் வரலாறே சான்று. 1911இல் அமெரிக்கப் படையில் ஏற்கப்பட்ட அந்த ஆயுதம், போர்க்கள அனுபவத்துக்குப் பிறகு திருத்தப்பட்டு, 1926இல் எம்1911ஏ1 என்ற பெயரைப் பெற்றது. விசை குட்டையாக்கப்பட்டது, விசைக்குப் பின்னால் ஆயுதத்தின் உடற்சட்டத்தின் இருபுறமும் விரலுக்கு வழிவிடும் சரிவுகள் வெட்டப்பட்டன, பிடியின் பின்பக்கத்தின் கீழ்ப்பகுதி வளைவாக்கப்பட்டது, சுத்தியல் கையின் சதையைக் கடிக்காதபடி மேலேயுள்ள நீட்சி நீளமாக்கப்பட்டது. தோட்டாவும் இயங்கும் முறையும் அப்படியே இருக்க, மாற்றங்களில் பெரும்பகுதி கைக்காகவே செய்யப்பட்டது. தேர்வில் எடுத்துக்காட்டு கேட்டால் இதை விடச் சிறந்த ஒன்றை நான் காணவில்லை, ஏனெனில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணத்தைச் சேர்த்து எழுத முடிகிறது.

அளவு என்றதும் தடிமனை மட்டும் நினைத்துவிடக் கூடாது. 13 தோட்டாக்களை இரட்டை வரிசையில் கொள்ளும் மேகசினுடன் (பிடிக்குள் செருகும் தோட்டாக்கூட்டுடன்) 1935இல் வந்த பிரௌனிங் ஹை-பவர் கைத்துப்பாக்கி, கணக்குப்படி பருமனாக இருக்க வேண்டிய பிடியைக் கொண்டது. ஆனாலும் கையில் ஒல்லியாகவே உணரப்படுகிறது என்று அதைப் பயன்படுத்தியவர்கள் பாராட்டுகிறார்கள். சுற்றளவு எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது, ஓரங்கள் எப்படி வளைக்கப்பட்டுள்ளன என்பதே இங்கே முடிவுசெய்கிறது. 1990களின் பிற்பகுதியில் வந்த வால்தர் பி99 கைத்துப்பாக்கி மாற்றக்கூடிய பின்பக்கத் துண்டுகளுடன் வந்தது. 2010இல் குளோக் நிறுவனக் கைத்துப்பாக்கிகளின் நான்காம் தலைமுறையும் அதே வழியை எடுத்துக்கொண்டது. விரல்களுக்கான பள்ளங்களோ வேறு கதை. பள்ளத்தின் இடைவெளி ஒருவரின் விரல் அகலத்தோடு ஒத்துப்போனால் அருமையாக இருக்கும்; ஒத்துப்போகாவிட்டால் மேடுகளின் மேல் விரல்கள் ஏறி அமர்ந்து பிடியே தளர்ந்துவிடும். குளோக் 2017இல் கொண்டுவந்த ஐந்தாம் தலைமுறையில் அந்தப் பள்ளங்களை நீக்கிவிட்டது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

பின்னுதைப்பின் உணர்வைப் பற்றிய கேள்விக்கு இயற்பியலோடு சேர்த்து விடை எழுதுங்கள். ஒரே எடையுள்ள ஆயுதமும் ஒரே தோட்டாவும் தரும் உந்தம் மாறாது. அது எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதே மாறுகிறது. அகலமான பின்பக்கம் உதைப்பின் தாக்கத்தைப் பரப்புகிறது, குறுகிய பின்பக்கம் ஒரே கோட்டில் குவிக்கிறது. கை எவ்வளவு உயரத்தில் அமர்கிறதோ, குழலின் அச்சுக்கும் கைக்கும் இடையிலுள்ள நெம்புதூரம் அவ்வளவு குறைந்து முகவாய் (குழலின் முன்முனை) எழும்புவதும் குறையும். சொரசொரப்பான மேற்பரப்பு வியர்த்த கையிலும் வழுக்காது, ஆனால் நீண்ட பயிற்சியில் தோலை உரசும். ரப்பர் அதிர்வை மென்மையாக்கும். அதே நெகிழ்வு, மிகத் துல்லியமான போட்டியில் கையின் இருப்பைச் சற்றே நிச்சயமற்றதாக்கும்.

சாய்வைப் பற்றியும் ஓரிரு வரி. எம்1911இன் பிடி செங்குத்திலிருந்து ஏறத்தாழ 18 பாகையும் குளோக்கின் பிடி ஏறத்தாழ 22 பாகையும் சாய்ந்திருப்பதாகச் சொல்வார்கள். ஒன்றுக்குப் பழகிய மணிக்கட்டு மற்றொன்றை எடுக்கும்போது முகவாயைச் சற்று மேலாகவோ கீழாகவோ காட்டும். கண்ணை மூடி ஆயுதத்தை உயர்த்தி, பிறகு கண்ணைத் திறந்து, குறிபார்க்க உதவும் முன்குறி எங்கே நிற்கிறது என்று பார்க்கும் எளிய சோதனை இதைத் தெளிவாகக் காட்டிவிடும்.

விளையாட்டுப் பிரிவில் தேர்வெழுதுபவர்கள் விதிகளையும் எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். சர்வதேச துப்பாக்கி சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தக் கைத்துப்பாக்கி) 1500 கிராமுக்கு மிகக் கூடாது, 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும், விசையின் எடை, அதாவது அதை இயக்கத் தேவையான அழுத்தம், 500 கிராமுக்குக் குறையக் கூடாது. 25 மீட்டர் பிஸ்டலுக்கு ஆயுதத்தின் எடை வரம்பு 1400 கிராமும் விசையின் எடை வரம்பு 1000 கிராமும் ஆகும். உள்ளங்கையைக் கீழிருந்து தாங்கும் தட்டு பிடியோடு 90 பாகைக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும். மணிக்கட்டு எதிலும் சாயாமல் விடுபட்டிருக்க வேண்டும். இந்த விதிகள் ஏன் இருக்கின்றன என்று புரிந்துகொண்டால் எண்கள் மறக்காது: பிடி கைக்குப் பொருந்தலாம், ஆனால் மணிக்கட்டின் வேலையைத் தானே செய்துவிடக் கூடாது.

போட்டிப் பிடிகள் பெரும்பாலும் மரத்தாலானவை. தேவையான இடத்தில் மரப்பசைக் கலவையால் நிரப்பியும், மிகுந்த இடத்தில் உப்புத்தாளால் தேய்த்தும் கைக்கு ஏற்றபடி செதுக்குகிறார்கள். இதைக் கற்றுக்கொள்ள நான் கையாண்ட முறை, என் கையில் சுண்ணக்கட்டித் தூளைப் பூசிக்கொண்டு பிடியைப் பிடித்து, எங்கே படிகிறது, எங்கே படியவில்லை என்று ஒரு படத்தில் குறித்துக்கொள்வது. ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி பிடியின் பக்கத்தோடு ஒட்டியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஒட்டியிருந்தால் விசையை அழுத்தும் அசைவு முழு ஆயுதத்தையும் பக்கவாட்டில் தள்ளும். ஆகவே அங்கே சிறு இடைவெளி விடவேண்டும். அழுத்தம் நடுவிரலிலும் மோதிர விரலிலும் முன்னிருந்து பின்னாக நேராகச் செல்ல வேண்டும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் துணையாக இருந்தால் போதும். விரல்களின் தசைநாண்கள் முற்றிலும் தனித்தனியாக இயங்குவதில்லை என்பதால், சுண்டுவிரலை இறுக்குபவர் தன்னையறியாமல் மற்ற விரல்களையும் இறுக்கிவிடுகிறார்.

வெப்பத்திலும் நெடும்பயிற்சிக்குப் பிறகும் கை சற்று வீங்குகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். காலையில் தேய்த்துச் சரிசெய்த பிடி பிற்பகலில் இறுக்கமாகத் தோன்றும். உடனே மீண்டும் தேய்க்கத் தொடங்கினால் மறுநாள் தளர்ந்துவிடும். மாணவருக்குப் பிடியைத் திருத்தித் தருவதற்கு முன், வெவ்வேறு நேரங்களில் அவரைச் சுடச்செய்து, ஒவ்வொரு முறையும் கை படியும் இடத்தைக் குறித்து, எல்லாப் படங்களிலும் திரும்பத் திரும்பத் தெரியும் இடைவெளியை மட்டும் நிரப்புங்கள். வாய்மொழித் தேர்வில் பிடியைத் திருத்தும் முறையைக் கேட்டபோது இந்த வரிசையில்தான் நான் விடை சொன்னேன்; தேர்வாளர் அடுத்ததாகக் கேட்டது, இடக்கைப் பழக்கமுள்ள மாணவருக்கு இதில் எவை மாறும் என்பது. அதற்கான விடையையும் இப்போதே எழுதிப் பழகிக்கொள்ளுங்கள்.