அப்பாவுக்கு ஒரு பேச்சுத்துணை

அப்பா முப்பது வருடம் பஸ் கண்டக்டர். பொள்ளாச்சி–பாலக்காடு ரூட். கொழிஞ்சாம்பாறைக்காரர் என்பதால் தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒன்றுபோலப் புரளும். போன ஆவணியில் பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்தது, பேச்சும் போனது. கை மெல்லத் தேறிவிட்டது. பேச்சு வரவில்லை. நாம் சொல்வது புரிகிறது, சொல்ல வேண்டியதும் மனதில் இருக்கிறது, வார்த்தை மட்டும் வெளியே வராது. அஃபேசியா என்றார்கள்.

இதே நிலையில் இருப்பவர்களோடு உட்கார வையுங்கள் என்று ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்னார். அதற்குத்தான் இத்தனை அலைச்சல்.

முதலில் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்த பக்கவாத நோயாளிகள் கூட்டத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனோம். மூன்று மணி நேரமும் மைக்கில் உபதேசம்: உப்பைக் குறை, பிரஷர் மாத்திரையை விடாதே. வாசலில் பெயர் எழுதிய பையன் அப்பாவிடம் மூன்று முறை பெயர் கேட்டான். பதில் வராததும் குரலை உயர்த்தி, "செவி கேள்க்கில்லே?" என்றான். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஊனமுற்றோர் சான்றிதழுக்குப் போனபோதும் இதே கதை. "நல்லா நடக்கிறாரே" என்று கிளார்க் திருப்பி அனுப்பினார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு, மொழிக் குறைபாடு தனியாகவே இருக்கிறது, அதில் அஃபேசியா பெயர் சொல்லியே வருகிறது. அதைக் காட்டிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஸ்பீச் தெரபிஸ்ட்டின் மதிப்பீட்டு ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள். அது இல்லாமல் எனக்கு இன்னொரு நாள் வீணானது.

அப்புறம் தெரபிஸ்ட் மூலமாகவே கேட்டு, சம்மதித்த மூன்று பேரை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். அதிலும் தப்பு செய்தேன். குடும்பத்தாரையும் கூடவே உட்கார வைத்துவிட்டேன். வந்தவர்களில் ஒருவரிடம் "டீயா, காப்பியா?" என்று கேட்டால், அவர் வாயெடுக்கும் முன் அவர் மனைவி "காப்பி" என்கிறார். ஒரு மணி நேரம் நாங்கள்தான் பேசினோம். அவர்கள் நாலு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் டிவியை அணைத்து, நோட்டும் பென்சிலும் வைத்துவிட்டு, நாங்கள் எல்லோரும் திண்ணைக்கு வந்துவிட்டோம். உள்ளே ரொம்ப நேரம் சத்தமே இல்லை. எழுந்து உள்ளே போய்விடலாமா என்று எனக்குத் துடித்தது. போகவில்லை. நீங்களும் போகாதீர்கள். அவர்களுக்கு அவகாசம் வேண்டும்.

"அதான்" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சிய ரிட்டயர்ட் வாத்தியார் ஒருவர் வந்திருந்தார். அவர் இடது கையால் நோட்டில் ஏதோ எழுதி அப்பா பக்கம் தள்ளினார். அப்பா அதையே பார்த்தார். திடீரென்று, "பொள்ளாச்சி... கோபாலபுரம்... கொழிஞ்சாம்பாறை..." என்று பழைய கண்டக்டர் ராகத்தில் வந்தது! எண்கள், கிழமைகள், பாட்டு மாதிரி வாயில் ஊறிப்போன வரிசைகள் இவர்களுக்குச் சுலபமாக வரும் என்று தெரபிஸ்ட் முன்பே சொல்லியிருந்தார்.

ஆனால் அதோடு நிற்கவில்லை. அப்பா பக்கத்தில் இருந்தவர் பக்கம் திரும்பி, "எங்க?" என்றார். அவர் கழுத்து நரம்பு புடைக்க முயன்று, "பா... பால... பாலக்காடு" என்றார்.

அப்பா நோட்டிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்தார்.