பழகிப்போன ரங்கூன் தெருவுல கிடைக்கிற கார்ட்டூன்

கார்ட்டூனுக்கு ஐடியா எங்கேர்ந்து புடிக்கிறீங்கன்னு நிறைய பேரு கேக்குறாங்க. உக்காந்து யோசிச்சு புடிச்ச ஜோக்குல யோசிச்சது தெரிஞ்சுடும், அது எனக்குப் பிடிக்காது. எனக்கு வேண்டியது ஜனங்களுக்குப் பழகிப்போயி, அவங்க கண்ணுக்கே தெரியாமப் போன விஷயம். அது இந்த ஊர்ல கொட்டிக் கிடக்குது.

காரையே எடுத்துக்கோங்க. பர்மாவுல 1970 டிசம்பர்ல வண்டி எல்லாம் ரோட்டுக்கு வலது பக்கம் போகணும்னு மாத்திட்டாங்க, ஆனா ஓடுறதுல பெரும்பாலானது ஜப்பான்லேர்ந்து வந்த பழைய வண்டி, ஸ்டியரிங்கும் வலது பக்கமே, அதனால டிரைவர் பிளாட்ஃபாரம் ஓரமா உக்காந்திருப்பாரு, முன்னாடி ஒரு லாரி போச்சுன்னா அதுக்கு அந்தப் பக்கம் என்ன வருதுன்னு அவருக்குத் தெரியவே தெரியாது. முன்னெல்லாம் பஸ்ஸுன்னா கண்டக்டர் எட்டிப் பாத்து சொல்லுவாரு. எங்க மாமா வண்டின்னா அத்தைதான். "போங்க... போங்க... வேணாம் வேணாம், நில்லுங்க!" மாமா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாரு, சொன்னா போவாரு, சொன்னா நிப்பாரு. ஸ்டியரிங் ஒருத்தர் கையில, ரோடு இன்னொருத்தர் கண்ணுல, இப்படியே பல வருஷமா குடும்பம் நடக்குது. ரெண்டு பேருக்கும் இதுல ஒண்ணும் விசேஷமாத் தெரியல. நான் பின் சீட்ல உக்காந்து பாத்துட்டு வந்து அப்படியே போட்டேன். மாமா நேரா பாக்குறாரு, அத்தை ஜன்னல்ல கழுத்து வரைக்கும் வெளிய, முன்னாடி லாரியோட பின்பக்கம். ரோடு போடல, மரம் போடல, எதையெல்லாம் எடுக்கலாமோ எடுத்துட்டேன்.

எழுத்தும் கிடையாது. எங்க பில்டிங்ல ஒரு மாடியில தமிழ், ஒண்ணுல பர்மீஸ், ஒண்ணுல தெலுங்கு, மேல ஒரு இந்தி பேசுற பாய் குடும்பம். எந்த மொழியில வசனம் எழுதினாலும் யாரோ ஒருத்தரு வெளிய நிப்பாங்க. விகடன்ல கோபுலு சார் வசனமே இல்லாம போட்ட ஜோக்குகளைப் பாத்தா தெரியும், ஒரு புருவத்துலயும் தோள் சாயிறதுலயும் எவ்வளவு சொல்லலாம்னு. நான் நோட்டுல குறிச்சு வைக்கிறதும் பேச்சை இல்ல, யாரு யாரைப் பாக்குறாங்க, கை எங்க இருக்கு, இவ்வளவுதான். இது ரெண்டும் சரியா வந்துட்டா மீதி தானா வரும்.

அப்புறம் கயிறு. லிஃப்ட் இல்லாத ஆறு ஏழு மாடி பில்டிங் டவுன்டவுன்ல நிறைய, ஒவ்வொரு பால்கனியிலேர்ந்தும் ஒரு கயிறு தொங்கும், கீழ் நுனியில க்ளிப், மேல மணி. பேப்பர்காரரு பேப்பரை மாட்டி, மணி அடிக்க கயிறை ஒரு இழு இழுத்துட்டுப் போவாரு, மொஹிங்கான்னு இங்கத்து மீன் குழம்பு நூடுல்ஸ் பொட்டலம், வீட்டுச் சாவி எல்லாம் அதுலதான் ஏறும் இறங்கும். அதை தினமும் பாத்துக்கிட்டே இருந்தா ஒரு நாள் கேள்வி தானா வரும், இதுல யாரு எதை மாட்டுவா? நான் போட்ட படத்துல, ஸ்கூல் யூனிஃபார்ம்ல ஒரு பையன் மார்க் ஷீட்டை மாட்டி மணியை அடிச்சுட்டு தெருமுனையில ஓடிக்கிட்டிருக்கான். மேல அம்மாவோட கை மட்டும் கயிறை இழுக்குது. பாய் வீட்டம்மாதான் முதல்ல சிரிச்சாங்க, அவங்களுக்கு மூணு பசங்க.

இங்கயே பொறந்து வளர்ந்த தமிழனுக்கு இதுல ஒரு வசதி இருக்குன்னு நான் நம்புறேன். தெருவுல முழுசா ஒருத்தனா இருக்கோம், வீட்டுக் கதவைத் திறந்து உள்ள வந்தா வேற பேச்சு, வேற சாப்பாடு. அந்த வாசப்படியில நின்னா ரெண்டு பக்கமும் தெரியும்.

ஷ்வே யோ ஊ பா கலேன்னு ஒருத்தர், பர்மாவுக்கு முதல் கார்ட்டூனிஸ்ட்னு இங்க கொண்டாடுவாங்க. வெள்ளைக்காரங்க பகோடாங்கிற புத்தர் கோயில்ல ஷூவைக் கழட்ட மாட்டேன்னு பிடிவாதம் புடிச்ச காலத்துல, ஷூ போட்ட துரையை பர்மாக்காரரு முதுகுல தூக்கிட்டுப் போற மாதிரி வரைஞ்சாரு. வாசல்ல செருப்பைக் கழட்டுறது நாம தினமும் செய்யிறதுதானே, அதுலேர்ந்து எவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்டிருக்காரு பாருங்க. சிரிப்பு மேல இருக்கிறவன் மேல போய் விழுது, தூக்குறவன் மேல இல்ல. இது எனக்கு ரொம்ப முக்கியம். டீக்கடையில உதட்டைக் குவிச்சு முத்தச் சத்தம் போட்டா டீ கொண்டுவர்ற பையன் ஓடி வருவான், வெளியூர்க்காரங்க திரும்பிப் பாப்பாங்க, நல்ல கார்ட்டூன்தான். ஆனா ராத்திரி வரைக்கும் நின்னு வேலை செய்யிற அந்தச் சின்னப் பையனை சிரிப்புப் பொருளா நான் வரைய மாட்டேன். திரும்பிப் பாக்குற டூரிஸ்ட்டை வரைவேன்.

இப்ப கையில இருக்கிறது திஞ்சான், பர்மாக்காரங்க புத்தாண்டுத் தண்ணித் திருவிழா. ஏப்ரல் நடுவுல ஊரே தண்ணி ஊத்துது, அதுக்கு நடுவுல நமக்கு சித்திரை ஒண்ணு வருது. பட்டு வேட்டி, பட்டுப் புடவை கட்டி அனவ்ரத்தா ரோட்டு காளியம்மன் கோயிலுக்குப் போகணும், வழியெல்லாம் பக்கெட்டும் பைப்பும். அதனால குடும்பமே பட்டு மேல பிளாஸ்டிக் ஷீட்டைச் சுத்திக்கிட்டு அர்ச்சனைத் தட்டை உயரத் தூக்கிட்டு நடக்குது. தண்ணி ஊத்துற பர்மாப் பையன் தட்டைப் பாத்ததும் பக்கெட்டை இறக்கி வழி விடுறதா, இல்ல ஒரு சின்னக் கிண்ணத்துல மரியாதையா தோள்ல மட்டும் ஊத்துறதா? அத்தை கிண்ணம்தான் போடணுங்கிறாங்க. நானும் கிண்ணத்தைத்தான் பென்சில்ல போட்டிருக்கேன், அப்பா முகத்தைக் கொஞ்சம் குனிஞ்ச மாதிரி மாத்தணும், தோளைக் காட்டுற மாதிரி.