அன்னாசிப்பழத்துக்கு ஒரு குத்து

2004 மே மாதம் மன்னார்குடியில் ஓட்டுப் போட்டுவிட்டு, ஆகஸ்டில் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினேன். விரலில் வைத்த மை தோலிலிருந்து எப்போதோ போய்விட்டிருந்தது. நகத்தின் நடுவில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு மிச்சம். வந்து இறங்கி சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்டியபோது அதுவும் போனது. அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் எந்தத் தேர்தலிலும் நான் வேடிக்கை பார்க்கிறவன்தான்.

வேடிக்கை நன்றாகத்தான் இருந்தது. 2011 அதிபர் தேர்தலில் நின்ற நான்கு பேருமே டான். டோனி டான், டான் செங் போக், டான் ஜீ சே, டான் கின் லியான். கடைசியில் ஏழாயிரத்துச் சொச்சம் ஓட்டில் டோனி டான் ஜெயித்தார். 2017-இல் அந்த வேடிக்கையும் இல்லை. அந்த முறை மலாய்ச் சமூகத்துக்கென்று ஒதுக்கிய தேர்தல், தகுதி பெற்றவர் ஹலிமா யாக்கோப் ஒருவர் மட்டும். போட்டியில்லாமலே அதிபரானார். தமிழரான எஸ்.ஆர். நாதனும் 1999, 2005 இரண்டு முறையும் அப்படித்தான் வந்தார். அதனால் அதிபர் தேர்தல் என்றாலே என் மனதில் பாதி சடங்கு, பாதி சம்பிரதாயம் என்றுதான் பதிந்திருந்தது.

முதல் வருஷம் அறை தேடி அலைந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். விளம்பரத்தைப் பார்த்து ஃபோன் செய்வேன். என் குரலைக் கேட்டதும் எதிர்முனையில், "நீ இந்தியனா?" ஆமாம் என்றால், "சாரி லா, ஓனர் வேண்டாம்கிறார். சமையல் வாடை." சமைக்கவே மாட்டேன் என்று ஒருவரிடம் சத்தியம் செய்யாத குறை. ஒன்பது இடத்தில் இதே பதில். பத்தாவதாகக் கிடைத்தது ஒரு மலாய்ப் பெரியவர் வீட்டின் சின்ன அறை. அவர் வீட்டுச் சமையலின் வாடையே அடுத்த புளோக் வரைக்கும் போகும்.

2012-இல் உட்லண்ட்ஸில் பழைய வீவக வீடு ஒன்றை, அதாவது அரசாங்க வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டை வாங்கினோம். முதலில் பிடித்த வீடு கைக்கு எட்டவில்லை. ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு இனத்துக்கும் இவ்வளவு வீடுதான் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அந்த புளோக்கில் இந்தியர் கணக்கு நிரம்பிவிட்டது, விற்றவரோ சீனர். இரண்டாவது வீடு அமைந்தது. மனைவி பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி கையில் ஒரு பெரிய அன்னாசிப்பழத்தோடு வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார், வாசற்படியில் பழத்தை வைத்தார், காலால் இல்லை, கையாலேயே உள்ளே உருட்டிவிட்டார். அது கூடத்தைத் தாண்டி, பால் பாத்திரம் இருந்த ஸ்டவ்வுக்குக் கீழே போய் நின்றது. "ஹுவாட் ஆ!" என்று கத்தினார். செல்வம் பெருகட்டும் என்று அர்த்தம். ஹொக்கியென் மொழியில் அன்னாசிக்கு 'ஓங் லாய்' என்று பெயர், 'அதிர்ஷ்டம் வருகிறது' என்பதும் அதே சத்தம்தான் என்று விளக்கினார். எங்கள் வழக்கத்துக்கு நாங்கள் அவருக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்தோம். அவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அன்று முழுதாகக் குடித்தார்.

குடியுரிமை வாங்கியது 2022-இல். மகனுக்கு எப்படியும் தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவப் பணி, நமக்கு மட்டும் ஏன் நிரந்தரவாசிக்கான நீலநிற அட்டை என்பதுதான் காரணம். வேறு பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ரத்து முத்திரை குத்தி இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதை அலமாரியில் வைக்கும்போது வயிற்றில் ஏதோ செய்தது. அம்மா ஃபோனில், "அப்ப இனிமே நீ நம்ம ஊர் ஆளு இல்லையா?" என்றாள். "இருக்கேம்மா, விசா மாதிரி ஒரு அட்டை இருக்கு" என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை.

சரி, தேர்தலுக்கு வருவோம். 2023-இல் மூத்த அமைச்சர் பதவியையும் கட்சியையும் விட்டுவிட்டு தர்மன் சண்முகரத்னம் நிற்கிறார் என்றதும், என் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவுக்கு உயிர் வந்துவிட்டது. "நம்மாளுடா!" பத்து வருஷமாகப் பேசாதவனெல்லாம் பேசினான். அம்மா, "எந்த ஊருடா அவரு?" என்று கேட்டாள். பிறந்தது சிங்கப்பூரில்தான், முன்னோர் யாழ்ப்பாணம், அப்பா இங்கே பெரிய நோயியல் மருத்துவர் என்றேன். "அப்ப நம்மாளுதான்" என்று முடித்துவிட்டாள்.

எனக்கு அந்த 'நம்மாளு' கொஞ்சம் உறுத்தியது. ஊரில் இருந்தபோது சாதி பார்த்து ஓட்டுப் போடுகிறவர்களை எத்தனை கிண்டல் செய்திருப்பேன்! இப்போது வேட்பாளர் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் மற்ற இருவரைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காமல் முடிவெடுத்துவிட்டேனே, அது மட்டும் என்னவாம்? பரிகாரமாக இங் கொக் சொங்கின் பேட்டி ஒன்றை உட்கார்ந்து பார்த்தேன். அரசாங்க முதலீட்டு நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர், நன்றாகவே பேசினார். டான் கின் லியான் பேச்சையும் கேட்டேன். கேட்டு முடித்தும் மனசு இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

இதில் வேடிக்கை, இங்கே அதிபருக்கு ஆட்சி நடத்துகிற வேலையே இல்லை. அது பிரதமர் வேலை. அதிபர் கையில் இருப்பது இரண்டாவது சாவி. நாடு சேர்த்து வைத்திருக்கும் இருப்புப் பணத்தில் கை வைக்க வேண்டுமென்றால் அவர் தலையாட்ட வேண்டும். முக்கியப் பதவி நியமனங்களுக்கும் அப்படியே. கோவிட் வந்தபோது 52 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வரை எடுத்துக்கொள்ள ஹலிமா கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தார். ஆக, இது பெட்டிச் சாவியை யாரிடம் கொடுப்பது என்கிற தேர்தல்.

தர்மனின் சின்னம் அன்னாசிப்பழம். அதைப் பார்த்ததுமே நானும் மனைவியும் எதிர்வீட்டுக் கதவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். மறுநாள் லிஃப்டில் ஆன்ட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். பழத்துக்காகத்தான் போடப்போகிறாரோ என்று நினைத்தால், "பழமா? ச்சே! அவர் நிதி அமைச்சராக இருந்தவர் லா. கணக்குத் தெரியும். என் சேமநிதிக் காசும் அதில் இருக்கிறது இல்லையா?" என்றார். சேமநிதியும் நாட்டின் இருப்பும் ஒன்றுதானா என்பது வேறு வாதம். ஆனால் எழுபது வயசுச் சீனக் கிழவி வேட்பாளரின் கணக்கைப் பார்த்தார், மெத்தப் படித்த நான் பெயரைப் பார்த்தேன். மூன்று மாடி இறங்கும்வரை எனக்குப் பேச்சு வரவில்லை.

செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை, பொது விடுமுறை. இங்கே ஓட்டுப் போடுவது கட்டாயம். தகுந்த காரணமில்லாமல் விட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், திரும்பச் சேர்க்க 50 வெள்ளி கட்ட வேண்டும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் வாக்குச்சாவடி. கட்சிக் கொடி இல்லை, மைக் இல்லை, வாசலில் பூத் சிலிப்போடு மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் வட்டச் செயலாளர் இல்லை. எனக்குக் கை உடைந்த மாதிரி இருந்தது. சீட்டில் மூன்று படம், மூன்று சின்னம். பேனாவைப் போல ஒன்றைக் கொடுத்திருந்தார்கள், அழுத்தினால் பெருக்கல் குறி விழும். அன்னாசிக்கு நேராக ஒரு குத்து. கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. செல்லாமல் போய்விடுமோ என்று இரண்டு தரம் உற்றுப் பார்த்தேன். வெளியே வந்ததும் பழக்கத்தில் இடதுகை விரலை நீட்டப் பார்த்தேன். மை வைக்க அங்கே யாருமில்லை.

அன்று இரவு தர்மனுக்கு 70.4 விழுக்காடு என்று வந்தது. இந்தியர்கள் சுமார் ஒன்பது விழுக்காடு இருக்கும் நாட்டில் இந்தக் கணக்கு எனக்குப் புரிய நேரமாயிற்று. போட்டியிட்டு ஜெயித்த முதல் சீனரல்லாத அதிபர் அவர். வாட்ஸ்அப்பில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள், நானே ஜெயித்த மாதிரி. எனக்கோ அந்த ஒன்பது ஃபோன்கால்கள்தான் ஞாபகம் வந்தன. வீட்டை மறுத்தவர்களில் எத்தனை பேர் இன்று அன்னாசியில் குத்தியிருப்பார்கள்? பாதிக்கு மேல் இருக்கத்தான் வேண்டும். இன்றைக்கும் அதே ஆள் தன் அறையை ஒரு மன்னார்குடிப் பையனுக்குக் கொடுப்பாரா என்றால், எனக்கு நம்பிக்கையில்லை. நாட்டின் பெட்டிச் சாவியைக் கொடுப்பது ஒன்று, வீட்டுச் சாவியைக் கொடுப்பது வேறொன்று.

பதவியேற்பு செப்டம்பர் 14 அன்று, அதிபர் மாளிகையான இஸ்தானாவில். அந்த நேரத்தில் நான் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் ஒரு முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தேன். முடி வெட்டுகிற தம்பி பட்டுக்கோட்டைக்காரர், வேலை அனுமதியில் எட்டு வருஷமாக இருக்கிறார். தொலைக்காட்சி எனக்குப் பின்னால். கண்ணாடியில் எல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது, கொடியிலிருந்த பிறை உட்பட. தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் முன்னால் தர்மன் கையை உயர்த்தி நின்றார்.

"அண்ணே, நீங்க ஓட்டுப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"யாருக்கு?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது தம்பி."

"ஆமா, சொல்லாட்டித் தெரியாதாக்கும்" என்று சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்தார். கோபம் வந்தது. கணக்குத் தெரிந்தவர் என்றுதான் போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் என்பதால் விட்டுவிட்டேன்.

அதற்குள் தேசிய கீதம் வந்துவிட்டது. மஜுலா சிங்கப்பூரா. புதுக் குடிமகன் இல்லையா, உடம்பு தானாக எழுந்தது. கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு பாதி எழுந்துவிட்டேன். தம்பி தோளைப் பிடித்து அழுத்தினார்.

"உக்காருங்கண்ணே, ஒரு பக்கம் கிருதா இன்னும் பாக்கி இருக்கு."